தாழ்ப்பாளின் வலது முழங்கால்

கிளப்புக்குப் புதிதாக யார் வரப்போகிறார்கள், யாரை அனுப்பப்போகிறார்கள் என்பது பத்திரிகைக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். நான் மானேஜரும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆட்டக்காரர்களின் சட்டை, காலுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவன். பார்வையாளர் படிகளுக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை என்னுடையது. மூன்று சலவை மெஷின், துணி உலர்த்த ஒரு மெஷின், சுவர் முழுக்க பூட்ஸ் அடுக்கும் தட்டு. ஒருத்தனைப் புதிதாக எடுப்பதென்றால் கையெழுத்து ஆகும் முன்பே ஆபீஸிலிருந்து போன் வரும்: "இந்த நம்பர்ல ரெண்டு சட்டை எடுத்து வை. பேர் அப்புறம் சொல்றோம்."

வாயைத் திறக்கக் கூடாது. அந்த வேலைக்கு அது ஒன்றுதான் முக்கியம். இருபத்திரண்டு வருஷம் ஒழுங்காக இருந்தேன். ஒரு தடவை தவறினேன். அதில் அடிபட்டவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அவனைக் கிளப்பில் எல்லோரும் தாழ்ப்பாள் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம். தடுப்பாட்டக்காரன். எதிரணி ஆள் பந்தோடு ஓடிவந்தால் கோலுக்கு முன்னால் இவன் குறுக்கே விழுவான். அதோடு கதவு சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம். ஆள் ஒன்றும் மலை மாதிரி இருக்க மாட்டான். நடுத்தர உயரம், மெலிந்த கழுத்து, அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி ஒரு முகம். ஓட்டமும் சுமார்தான். எவன் எதைக் காட்டினாலும் நம்ப மாட்டான். அதுதான் அவனுடைய கைச்சரக்கு.

"எவன் எந்தப் பக்கம் திரும்புவான்னு எப்படித் தம்பி கண்டுபிடிக்கிறே?" என்று ஒரு தடவை கேட்டேன். என் அறையில் அழுக்குத்துணிக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தான். கயிறு மாட்டுவதைக்கூட வேறொருவரிடம் விட மாட்டான்.

"கண்ணைப் பார்க்கக் கூடாதுண்ணே. கண்ணு பொய் சொல்லும். தோளு அதுக்கு மேல சொல்லும். கால் பண்றது அத்தனையும் நாடகம். இடுப்பு மட்டும்தான் போற பக்கம் போகும். நான் அதை மட்டும் பாத்துக்கிட்டு நிப்பேன்."

"வெளியில மனுஷங்களையும் இப்படித்தான் பார்ப்பியா?"

"பின்னே?" என்றான். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை பார்த்தாள். என் கண்ணாடியும் அவள் பொருத்தியதுதான். ஃபுட்பால் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. "ஜெயிச்சா இவருக்கு நாக்கு நீளுது, தோத்தா மூஞ்சி நீளுது. டிராவுல முடிஞ்சாத்தான் வீட்டுல நிம்மதி" என்பாள். இன்னொரு ஆள் அவனுடைய அண்ணன். பஸ் டிப்போவில் மெக்கானிக். தம்பியை வண்டியில் கொண்டுவந்து விடுவதும், திரும்பக் கூட்டிப்போவதும், கிளப் நீட்டுகிற காகிதங்களைப் படித்துப் பார்த்து "இங்க கையெழுத்துப் போடு, இங்க போடாதே" என்று சொல்வதும் அவர்தான். தாழ்ப்பாளுக்கு உலகத்தில் இருந்தவர்கள் அவ்வளவுதான். மூன்றாவதாக என்னையும் சேர்த்துக்கொண்டான். ஏன் என்று எனக்குத் தெரியாது. நான் அதிகம் பேசாததால் இருக்கலாம்.

அவனுக்கு இருபத்தேழு வயதாகும்போது அது நடந்தது. மழை பெய்து ஓய்ந்த காலை. பயிற்சியில் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு நின்றேன். தாழ்ப்பாள் நிற்கிற அதே இடத்துக்காகக் காத்திருந்த ஒருத்தன் உண்டு. இருபத்தொரு வயது, கொடிக்கம்பம் மாதிரி உயரம், நெட்டை என்று பேர். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் வந்தது. நெட்டை சறுக்கி வந்தான். சேற்றில் நிற்க முடியாமல் அவனுடைய முழு எடையும் தாழ்ப்பாளின் வலது முழங்கால்மேல் பக்கவாட்டில் விழுந்தது. ஈரத்துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். நான் நின்ற இடத்துக்கே கேட்டது.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகும்போது என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தான். வலியில் உதடு வெளுத்திருந்தது.

"வேணும்னேதான் விழுந்தான்ணே."

"தரை ஈரம் தம்பி. நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். வழுக்கிருச்சு."

"நீங்க காலைப் பாத்திருப்பீங்க. நான் இடுப்பைப் பார்த்தேன்."

நான் பார்த்தவரை அது விபத்துதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நெட்டை ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் வந்து நின்றான். உள்ளே விடக் கூடாது என்று நர்ஸிடம் சொல்லி வைத்திருந்தான் தாழ்ப்பாள்.

மூட்டுக்குள் இருக்கிற முக்கியமான நார் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து வேறொரு இடத்து நாரை எடுத்துத் தைத்தார்கள். எட்டு ஒன்பது மாதம் ஆகும் என்றார்கள். பயிற்சியாளர் பை நிறைய ஆப்பிளோடு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "உன் இடம் உனக்குத்தான். அவசரப்படாதே" என்று தோளில் தட்டியிருக்கிறார். அதே வாரம் எனக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. நாலாம் நம்பரில் இரண்டு சட்டை எடுத்து வை, பேர் அப்புறம்.

நாலு தாழ்ப்பாளின் நம்பர்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அச்சடித்து வந்த சட்டையை மடித்துத் தட்டின் கோடியில் மற்ற துணிகளுக்கு அடியில் வைத்தேன். பத்து நாள் கழித்து அவன் ஊன்றுகோலோடு என் அறைக்கு வந்தான். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னான். கவிழ்த்த கூடைமேல் காலை நீட்டி உட்கார்ந்து, வழக்கம்போல அறையை ஒரு சுற்று பார்த்தான். அடுக்கின் அடியிலிருந்து நாலு என்ற எண்ணின் ஒரு கால் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"புதுசு மாதிரி இருக்கே" என்றான்.

நான் மெஷினில் சோப்புத் தூளைக் கொட்டினேன்.

எழுந்து, ஒற்றைக் காலில் தத்திப் போய், சட்டையை உருவிப் பார்த்தான். பேர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. திரும்ப மடித்து, நான் வைத்திருந்த மாதிரியே அடியில் செருகினான். "ஆப்பிள் நல்லா இருந்துச்சுண்ணே" என்று மட்டும் சொன்னான்.

அந்தப் புது ஆள் கடைசியில் வரவே இல்லை. என்ன காரணமோ, பேச்சு முறிந்துவிட்டது. ஆனால் தாழ்ப்பாளின் சந்தேகம் அன்றைக்கு ஒரு தடவை பலித்துவிட்டது. அதுதான் கெட்டுப்போனது. அதற்கு முன்னால் மைதானத்துக்குள் மட்டும் வைத்திருந்த கண்ணை அதற்குப் பிறகு அவன் எங்கேயும் மூடவில்லை. டாக்டர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார், உடற்பயிற்சி சொல்லித் தருகிறவள் இன்றைக்குச் சீக்கிரம் விட்டால் ஏன் சீக்கிரம் விட்டாள், மானேஜர் வணக்கம் சொன்னால் என்ன அர்த்தம், சொல்லாவிட்டால் என்ன அர்த்தம். என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்பான். மெஷின் சுற்றுகிற சத்தத்தில் வெளியே கேட்காது என்பது அவன் கணக்கு.

எட்டாம் மாதம் திரும்ப ஆட வந்தான். முதல் நான்கு ஆட்டம் நன்றாகவே ஆடினான். பத்திரிகையில்கூட எழுதினார்கள். எனக்குத்தான் ஏதோ இடித்தது. பூட்ஸ் அடியில் பிடிப்புக்காகத் திருகியிருக்கிற ஸ்டட் குமிழ் எல்லாவற்றையும் நான்தான் மாற்றுகிறவன். யார் எப்படி ஓடுகிறான் என்று அந்த ஸ்டட் சொல்லும். அவனுடைய இடது பூட்ஸ் தேய்ந்து மொண்ணையாகியிருந்தது. வலது பூட்ஸ் கடையில் வாங்கினபடி இருந்தது. வலது காலை அவன் தரையில் அழுத்தவே இல்லை.

நான் கேட்கவில்லை. அவனாகவே ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் வந்தான். கால்சட்டையை மேலே தூக்கிக் காட்டினான். முழங்கால் ஊறின பஞ்சுத் தலையணை மாதிரி இருந்தது.

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இப்படித்தான்ணே. வீட்டுல அவளுக்குத் தெரியும். எங்க அண்ணனுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு. நாலாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. சீசன் முடிஞ்சாத்தான் புது ஒப்பந்தம். அதுவரைக்கும் ஓட்டிட்டேன்னா போதும்."

"டாக்டர்கிட்ட காட்டுப்பா. திரும்ப அறுந்துட்டா என்ன பண்ணுவே?"

"டாக்டர் யாரோட டாக்டர்? கிளப்போட டாக்டர். காட்டினா மறுநாளே வெளிய." கால்சட்டையை இறக்கிவிட்டான். "ஐஸ் மட்டும் கொஞ்சம் கூடப் போட்டுக் குடுங்க."

ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு ஐஸ் பை கொடுப்பது என் வேலை. அவனுக்கு இரண்டு கொடுத்தேன். யாரும் பார்க்காத மாதிரி துண்டுக்குள் சுற்றித்தான் கொடுத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பயிற்சியாளர் என் அறைக்கு வந்தார். வராத மனுஷன். தட்டில் இருந்த பூட்ஸை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். தாழ்ப்பாளின் ஜோடியை எடுத்துக் கவிழ்த்தார்.

"இவன் என்ன பெரியவரே, நொண்டி ஆடறானா?"

"அப்படியெல்லாம் இல்லையே சார்."

"வீங்குதா?"

அந்த நேரத்தில் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் வளர்த்தேன். "ஆட்டம் முடிஞ்சா யாருக்குத்தான் சார் வீங்காது? எல்லாரும்தான் ஐஸ் வைக்கிறாங்க. இவனும் வைக்கிறான். மிஞ்சிப்போனா ஒரு பை கூடக் கேப்பான், அவ்வளவுதானே."

அவர் பூட்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தார். "அவ்வளவுதான்" என்று நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார். கதவு மூடினதும்தான் நான் உளறியது எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை ஆட்டத்தில் தாழ்ப்பாளை வெளியே உட்கார வைத்தார்கள். அவன் இடத்தில் நெட்டை ஆடினான். அடுத்த வாரம் டாக்டரிடம் போகச் சொன்னார்கள். ஒப்பந்தப் பேச்சை ஆபீஸில் நிறுத்தி வைத்தார்கள்.

அன்றைக்கே வந்து கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தான். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "யாரோ சொல்லியிருக்காங்கண்ணே."

"கோச் பார்க்கிற ஆள்தானே. நீ நடக்கிறதை வச்சுக் கண்டுபிடிச்சிருப்பாரு."

"ரெண்டு மாசமா கண்டுபிடிக்காதவர் இப்ப எப்படிக் கண்டுபிடிப்பாரு? சொல்லியிருக்காங்க. தெரிஞ்சது மூணு பேருக்கு. உங்களை விட்டா ரெண்டு பேர்."

என்னை விட்டான். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்கு இருபது காரணம் சொல்லலாம். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உலகத்தில் எவனையும் நம்பாத ஒருத்தன் என்னை மட்டும் நம்பினான். அது எனக்குப் பிடித்திருந்தது.

அவன் ஒரு சோதனை வைத்தான். அண்ணனிடம், 'வேற கிளப்புல என்னைக் கூப்பிடறாங்க' என்று ஒரு பொய். மனைவியிடம், 'இடது கணுக்காலும் வலிக்குது' என்று வேறொரு பொய். எது திரும்பி வருகிறதோ அதை வைத்து ஆளைப் பிடிப்பது. என்னிடம் வந்து திட்டத்தை விவரமாகச் சொன்னான். எதுவும் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவன் டாக்டரிடம் போய்விட்டு நேராக என் அறைக்கு வந்தான். முகம் ஒரு மாதிரி அமைதியாக இருந்தது.

"இடது கணுக்காலை அமுக்கிப் பார்த்தார்ணே. 'இங்க வலி இருக்கா'ன்னு கேட்டார்."

"அட, டாக்டர்னா எல்லா இடத்திலயும்தானே அமுக்கிப் பார்ப்பாரு. ஒரு காலை இழுத்து நடந்தா அடுத்த காலையும் பார்க்கிறது வழக்கம்தானே."

"ரெண்டு தடவை அமுக்கினார்."

"தம்பி, நான் சொல்றதைக் கேளு."

"அண்ணன்கிட்ட சொன்னது எங்கயும் வரல. இவகிட்ட சொன்னது வந்துருச்சு." எழுந்துவிட்டான். "எனக்கு இது போதும்."

நான் கதவுவரை பின்னால் போனேன். அங்கேயே திரும்பி வந்து மெஷினை ஓட விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து என் கண்ணாடியில் ஒரு திருகு கழன்றது. கழன்றதோ, நானே கழற்றிக்கொண்டேனோ. கடைக்குப் போனேன். அவள் உள்ளே மேஜை விளக்குக்குக் கீழே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னாள்.

"என்னம்மா ஆச்சு?"

சின்னத் திருகை இடுக்கியால் எடுத்தபடியே பேசினாள். "நீதானே சொன்னே, நீதானே சொன்னேன்னு கேட்டாருண்ணே. இல்லைன்னேன். காலையில கேட்டாரு, சாப்பிடும்போது கேட்டாரு, நான் துணி மடிக்கும்போது வாசப்படியில நின்னு கேட்டாரு. எப்பச் சொன்னே, எங்க வச்சுச் சொன்னே, யாரு கூட இருந்தான்னு. மூணு நாள். மூணாவது நாள் ஆமான்னு சொல்லிட்டேன்."

"சொன்னியா? நீ சொல்லலையேம்மா."

"எனக்கு அந்தக் கோச் மூஞ்சிகூடத் தெரியாது. ஆமான்னு சொன்னா அவர் கேக்கறதை நிறுத்துவாரு, கொஞ்சம் தூங்குவாருன்னு நினைச்சேன்." திருகை இறுக்கி, துணியால் கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். "நிறுத்திட்டாரு. பேசறதையே நிறுத்திட்டாரு. அப்புறம்தான் கிளம்பிட்டேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கே சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு கிளப்புக்கு வந்தேன். அன்றைக்கு ஆட்டம் இருந்தது. தடுப்பாட்டக்காரர்களில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்பதால், டாக்டரும் கொஞ்ச நேரம் ஆடலாம் என்றதால், தாழ்ப்பாளையும் மாற்று ஆட்டக்காரனாகச் சேர்த்திருந்தார்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கூடைமேல் உட்கார்ந்து கயிறு மாட்டிக்கொண்டிருந்தான். கிட்டே போனேன்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. ஸ்டட் நீளம் போதுமான்னு கேக்க வந்தேன்."

"போதும்" என்றான்.

ஆட்டத்தின் எழுபதாவது நிமிஷம் அவனை இறக்கினார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் பழைய தாழ்ப்பாளைப் பார்த்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. இரண்டு தடவை எதிரணிக்காரன் இடமும் வலமும் ஆடிக்காட்டியும் அசையாமல் நின்று பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். மூன்றாவது தடவை உயரத்தில் வந்த பந்தைத் தலையால் தட்ட எம்பினான். தட்டினான். இறங்கும்போது வலது கால் கீழே பட்டதும் மடிந்து விழுந்தான். சுற்றி நான்கு ஆள் தூரத்துக்கு யாருமே இல்லை.

நான் பையை எடுத்துக்கொண்டு டாக்டருக்குப் பின்னால் ஓடினேன். நெட்டைதான் முதலில் வந்து குனிந்து அவன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தான். அதைக்கூடத் தாழ்ப்பாள் கவனிக்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் தொடலண்ணே" என்றான் என்னைப் பார்த்து. "யாருமே தொடல."

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இந்தத் தடவை நலம் விசாரிக்காமல் நேராகச் சொல்லிவிட்டேன். பயிற்சியாளர் வந்தது, பூட்ஸைப் பார்த்தது, நான் உளறியது, எல்லாம்.

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அவ அனுப்பினாளா?" என்றான்.

"யாரு?"

"நேத்து அவ கடைக்குப் போனீங்களாமே, எங்க அண்ணன் சொன்னாரு. கண்ணாடி மாட்ட. அவதானே இப்படிச் சொல்லச் சொன்னா?"

உண்மையைச் சொல்லி நம்பவைக்க முடியாமல் நான் திண்டாடியது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். "இல்ல தம்பி, நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி ஒலித்தது.

"என்னைக்கு வந்தார்?"

"செவ்வாய்க்கிழமை."

"எத்தனை மணிக்கு?"

"மதியம். ரெண்டாவது மெஷின் ஓடி முடிச்சிருந்தது. துணி எடுக்கப்போனேன், கதவு திறந்துச்சு."

"எந்த பூட்ஸை முதல்ல எடுத்தார்?"

"கோல்கீப்பரோடது. அப்புறம் வரிசையா வந்து உன்னோடது."

"ஐஸ் பைன்னு முதல்ல சொன்னது அவரா, நீங்களா?"

"நான்தான். அவர் வீங்குதான்னு மட்டும்தான் கேட்டார். ஐஸ் நான் சொன்னது. ஒரு பை கூடக் கேப்பான்னு சொன்னதும் நான்தான்."

கண்ணை மூடிக்கொண்டான். விரலை மடக்கி நாட்களைக் கணக்குப் போடுவது தெரிந்தது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. சனிக்கிழமை வெளியே உட்கார்ந்தது. கணக்கு ஒத்துவந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தபோது என்னைப் பார்க்கவில்லை.

"உங்க பக்கம் நான் திரும்பவே இல்லைண்ணே" என்றான். அப்புறம், "எழுந்து போங்க" என்றான். கத்தவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

வழியிலேயே கண்ணாடிக் கடைக்குப் போய் அவளிடமும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "இத்தனை நாள் வேடிக்கை பார்த்தீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனது நான்கு நாள் கழித்துத்தான். பிற்பாடு அவனுடைய அண்ணன்தான் எனக்குச் சொன்னார். தாழ்ப்பாள் மன்னிப்புக் கேட்டானாம். தலையைக் குனிந்துகொண்டு நிறையச் சொன்னானாம். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆயிரம் உண்மை சொன்னேன், ஒண்ணையும் நம்பல. ஒரே ஒரு பொய் சொன்னேன், அதை உடனே நம்பிட்டீங்க" என்றாளாம். பிறகு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். "வர்றேன். ஆனா என்னை எதையும் ரெண்டாவது தடவை கேக்கக் கூடாது. ஒரு தடவை கேளுங்க, பதில் சொல்றேன். அதோட சரி." அதற்கு அவன் ஒப்புக்கொண்டும் அவள் உடனே வந்துவிடவில்லை. ஆறு மாதம் அக்கா வீட்டிலேயே இருந்து, வாரத்துக்கு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுத்தான் போனாள். அவளும் அவனைச் சோதித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு அவன் ஆடவில்லை. மாடிப்படி இறங்கினால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிளப்பில் ஒரு மாலைபோட்டு, கைகுலுக்கி, அனுப்பிவைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, அவன் முகத்தைப் பார்க்கப் பயம். அண்ணன் தன்னோடு பஸ் டிப்போவுக்குக் கூட்டிப்போய் வேலை கற்றுக்கொடுத்தார். ஒரு வருஷத்தில் பிரேக் பரிசோதிக்கிற வேலையில் சேர்ந்துவிட்டான். வண்டி டிப்போவை விட்டு வெளியே போவதற்கு முன்னால் அவன் கையெழுத்து வேண்டும். மெக்கானிக் "எல்லாம் சரியா இருக்கு" என்று சொன்னாலும் அவனே ஒரு தடவை அடியில் படுத்துப் பார்க்காமல் விட மாட்டானாம். டிரைவர்கள் காலையில் வரிசையில் நின்று திட்டுவார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நெட்டைமேல் இருந்த கோபத்தை அவன் விடவே இல்லை. தன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க நெட்டை இவன் வீட்டுக்கே வந்திருக்கிறான். தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டான், கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்த ஈரக் காலையில் என்ன நடந்தது என்று இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகத்தான் கடைசிவரை இருக்கும்.

என்னோடு இரண்டு வருஷம் பேசவில்லை. போன மாதம் டிப்போ வாசலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு வண்டியின் அடியிலிருந்து இரண்டு கால் வெளியே நீண்டிருந்தது. வலது கால் விறைப்பாக. வெளியே வந்து, என்னைப் பார்த்து, கிரீஸ் கையை ஒரு கந்தல் துணியில் நிதானமாகத் துடைத்தான். தலைமுடி முன்பக்கம் ஏறியிருந்தது.

"டீ குடிக்கலாமா?" என்றான்.

நின்றுகொண்டே குடித்தோம். அண்ணன் நலம், அவள் நலம், கடையில் இப்போது அவள்தான் மேற்பார்வை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதைச் சொன்னேன். டம்ளரை வைக்கும்போது கேட்டான்.

"அன்னைக்குக் கோச் வேற ஏதாவது கேட்டாரா?"

"இல்லப்பா. அவ்வளவுதான் கேட்டார்."

என்னையே பார்த்தான். கண்ணைப் பார்த்தானா, வேறெங்காவது பார்த்தானா என்று தெரியவில்லை. எனக்குத்தான் கை கால் எங்கே வைப்பது என்று புரியவில்லை.

"சரி" என்றான். "ஞாயித்துக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிட வாங்க. அவதான் கூப்பிடச் சொன்னா."

பஸ்ஸில் உட்கார்ந்து வீடு சேரும்வரை யோசித்தேன். அவள்தான் கூப்பிடச் சொன்னாளா? இல்லை, அவளையும் என்னையும் ஒரே அறையில் உட்காரவைத்து முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இவனே கூப்பிடுகிறானா? இந்த யோசனை எனக்கு எப்போதிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்கும்போது சிரிப்பாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள்தான் கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே" என்றாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. "வர்றீங்கன்னு இவர் சொல்லவே இல்லையே."

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "சொன்னேனே."

இரண்டு பேரில் யார் சொல்வது நிஜம் என்று எனக்குப் பிடிபடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவள் இன்னொரு தட்டு எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள்.